எகிறில் ரத்தம், ஆடும் பல், மாமியார் சொன்ன பயம்: ஈறு நோய் கேள்வி பதில்

ஈறு சிகிச்சையில் மேற்படிப்பு படித்த பல் டாக்டர் நான். இருபது வருடமாக ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். வாயைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து, வயது 34: டாக்டர், ஆறு மாதமாகப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. வலி சுத்தமாக இல்லை. ரத்தம் வரும் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பேஸ்ட் மாற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை.

பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறீர்களே, வம்பே அங்கேதான் இருக்கிறது. பல்லும் எகிறும் சேரும் ஓரத்தில் மாவு மாதிரி ஒரு வெள்ளைப் படலம் படியும். நகத்தால் சுரண்டினால் தெரியும். அது சாப்பாட்டு மிச்சம் இல்லை, முழுக்கக் கிருமிக் கூட்டம். அதை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தை அனுப்புகிறது. ஈறு சிவந்து உப்பிவிடுகிறது. அப்புறம் பிரஷ் லேசாகப் பட்டாலே கசியும். ரத்தம் வருகிறதென்று அந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் படலம் இன்னும் தடிக்கும், ரத்தம் இன்னும் கூடும்.

1965இல் நார்வேக்காரரான ஹரால்ட் லோ டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதையே நிறுத்தச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம், பத்து நாளில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது. இதற்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

இது ஈறோடு நிற்கும் முதல் கட்டம், முழுசாகத் திரும்பிவிடும். இரண்டாம் கட்டத்தில் வீக்கம் உள்ளே இறங்கிப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைக்கும். கரைந்த எலும்பு தானாக வளராது. இரண்டு கட்டத்திலும் பொதுவாக வலி இருக்காது. அதனால் ஆறு மாத ரத்தம் எந்தக் கட்டம் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். இன்று ராத்திரியிலிருந்தே மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தையும் சேர்த்துத் தேயுங்கள். டாக்டரையும் பாருங்கள்.

மதுரையிலிருந்து: அக்கா, பல் கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும் என்று மாமியார் விடமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனதாம்.

உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது நிஜம், காரணம்தான் வேறு.

கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் நாக்கை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாகத் திட்டு மாதிரி தட்டுப்பட்டால் அது காரை. எச்சில் சுரக்கும் துளை அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தக் கிருமிப் படலத்தில் ஏறிக் கல்லாகிவிடுகிறது. மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கமும் இப்படித்தான். பல வருடம் விட்டால் நாலைந்து பற்களைச் சேர்த்துப் பூசிய சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும், ஆனால் இந்தச் சிமெண்ட் பற்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. கரையான் அரித்த கதவு நிலையைப் பெயிண்ட்தான் தாங்கிக்கொண்டிருந்தது, சுரண்டியவன் மேல் பழி.

ஒரு தடவை வயதான அம்மா ஒருவருக்கு உள்ளங்கையில் பாதி நிறையும் அளவுக்குக் காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, “பல்லு நடுவுல சந்து வந்துருச்சே, என் பல்லைத் தேச்சுட்டியே தாயி” என்று அழுதார். எடுத்த துண்டுகளைக் கிண்ணத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். வீங்கிய ஈறு வற்றிச் சுருங்கும்போதும் சந்து தெரியும். அன்றிலிருந்து சுத்தம் செய்யும் முன்பே சொல்லிவிடுகிறேன்: சந்து தெரியும், ஒன்றிரண்டு வாரம் கூசும். இதை முதலிலேயே சொல்லாத எங்கள் ஆட்களால்தான் மாமியார்களுக்குப் பயம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: எங்கள் தாத்தா வாழ்நாளில் பிரஷ் பிடித்ததில்லை, டாக்டரிடம் போனதில்லை. 80 வயதில் கரும்பு கடித்தார். நீங்கள் எல்லாம் பயமுறுத்துகிறீர்களோ?

உங்கள் தாத்தாவை நம்புகிறேன். அவரைப் போன்றவர்களை எண்ணியே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் சனங்களிடம். மேலே சொன்ன அதே லோ, 1970இல் இலங்கை மலையகத்தில் 480 ஆண் தேயிலைத் தொழிலாளர்களின் வாயை அளக்க ஆரம்பித்தார். பிரஷ் இல்லை, பல் டாக்டர் இல்லை. 15 வருடம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் காரை இருந்தது, ஈறு வீங்கியிருந்தது. ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. 81 சதவீதம் பேருக்கு மெல்ல மெல்ல எலும்பு கரைந்தது. மீதி 8 சதவீதம் பேருக்குப் படுவேகம்; 45 வயதுக்குள் மொத்தப் பல்லும் போய்விட்டது.

தாத்தா அந்த 11இல் ஒருவர். நீங்கள் எந்தக் கணக்கில் வருவீர்கள்? ஈறு நோய் உள்ளே போவதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, ஆனால் தாத்தாவின் நிலம் மாதிரி அது அப்படியே பேரனுக்கு வந்து சேராது. (பாடப் புத்தகத்தில் இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல். அளந்தவர்கள் கையில் ஒரு பிரஷ்ஷையும் கொண்டுபோயிருக்கலாமே என்று.)

கடலூரிலிருந்து: என் மகளுக்கு ஈறு கறுப்பாக இருக்கிறது. நோயா?

இல்லை. தோலுக்கு நிறம் தரும் அதே மெலனின்தான். பிறந்ததிலிருந்தே இருக்கும் கறுப்பில் கவலை வேண்டாம். சிவப்பு, வீக்கம், பளபளப்பு, இதைப் பாருங்கள். ஒரே இடத்தில் புதிதாகக் கறுப்பு வந்தால் மட்டும் காட்டுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து, வயது 48: தினம் ஒரு பாக்கெட் சிகரெட். எனக்கு ரத்தமே வந்ததில்லை, ஈறு கெட்டியாக இருக்கிறது. ஆனால் மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் புதிதாக இடைவெளி. அதிர்ஷ்டம் என்கிறார்கள்.

அண்ணா, இன்று வந்ததில் என்னை அதிகம் கவலைப்படவைத்த கேள்வி உங்களுடையது. நிகோடின் ஈறிலுள்ள ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். மற்றவர்களுக்கு ரத்தம் வந்து எச்சரிக்கும், உங்களுக்கு அந்த எச்சரிக்கையே வராது. வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கலாம். 48 வயதில் பல் தானாக நகர்ந்து விலகுகிறது என்றால் பிடிமானம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். எக்ஸ்ரே எடுங்கள், இந்த மாதமே. சிகரெட்டை விடாவிட்டால் நாங்கள் செய்யும் சிகிச்சையும் பாதிதான் பிடிக்கும்.

ஈரோட்டிலிருந்து: அம்மாவுக்கு 12 வருடமாகச் சுகர். ஈறில் அடிக்கடி சீழ்க் கட்டி. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இரண்டு பக்கமும். சுகர் கூடினால் ஈறு சீக்கிரம் கெடும், ஆறாது. ஈறில் வீக்கம் நிற்காமல் இருந்தால் சுகரும் அடங்காது. ஈறு நோய்க்கு ஒழுங்காகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைச் சதவீதத்தில் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 புள்ளி அளவுக்கு இறங்குவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சுகர் மாத்திரையை விட்டுவிட்டுப் பல்லைக் கவனியுங்கள் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீழ் கட்டும்போதெல்லாம் மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம். காரை உள்ளே இருக்கும்வரை கட்டி திரும்ப வரும்.

கும்பகோணத்திலிருந்து: ஐந்தாம் மாதம். ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம், இப்போதே போங்கம்மா. கர்ப்பகால ஹார்மோன் மாற்றத்தில் ஈறு கொஞ்சம் படலத்துக்கே நிறைய வீங்கும். நாலு முதல் ஆறு மாதம் வரை நாற்காலியில் சாய்ந்து உட்கார வசதியான காலம். சுத்தம் செய்வதால் குழந்தைக்கு ஆபத்து இல்லை. கர்ப்பம் என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

நெய்வேலியிலிருந்து: அப்பாவுக்கு முன்பல்லைப் பாதி மூடும் அளவுக்கு ஈறு வளர்ந்திருக்கிறது. கட்டியோ என்று பயமாக இருக்கிறது.

அப்பா ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் அல்லது நிஃபெடிபின் சாப்பிடுகிறாரா? வலிப்புக்கான ஃபெனிட்டாயின், சிறுநீரகம் மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், இவற்றாலும் சிலருக்கு ஈறு வளரும். மாத்திரைச் சீட்டோடு போய்க் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. மாற்றலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வேலூரிலிருந்து: பையனுக்கு நேற்றிலிருந்து ஈறில் தானாக ரத்தம் கசிகிறது. நாலு நாளாகக் காய்ச்சல்.

இதற்குப் பல் டாக்டரிடம் போகாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்குவில் ஈறு ரத்தம் ஓர் அபாய அறிகுறி. அரிதாக ரத்தப் புற்றுநோயும் இப்படித் தெரியவரும். இன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பலர் கேட்டது: ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்கிறார்களே. வேப்பங்குச்சி, உப்பு, கரி, எண்ணெய் கொப்பளிப்பது?

குச்சியை நன்றாக மென்று நார் பிரித்து, மெதுவாகத் தேய்த்தால் சரி. பலர் வறட்டுக் குச்சியை வைத்து ஈறைக் குத்திக் கிழித்துக்கொண்டு வருகிறார்கள். கரி, செங்கல் தூள், கல் உப்பு வேண்டாம், பல் தேய்ந்து கூசும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம், இதமாக இருக்கும். எண்ணெயும் கொப்பளித்துக்கொள்ளுங்கள், ஆனால் கல்லான காரையை எந்த எண்ணெயும் கரைக்காது. வலிக்கு லவங்க எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்துத் தூங்கி, காலையில் ஈறு வெந்துபோய் வருபவர்கள் வருடத்துக்கு நாலு பேராவது உண்டு.

மறுபடி திருப்பூர்: நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன் டாக்டர். என்ன செய்வார்கள்? நான் என்ன கேட்க வேண்டும்?

நல்லது தம்பி. கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்பார்கள். டாக்டர் “மூணு, ரெண்டு, மூணு” என்று சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் ஒருவர் எழுதுவார். மூன்று மில்லிமீட்டர் வரை சரி. நாலு, ஐந்து என்றால் ஈறு பையாகப் பிரிந்து உள்ளே காரை இருக்க வாய்ப்புண்டு. ஆறு, ஏழு என்று காதில் விழுந்தால் எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

அளக்காமலே சுத்தம் செய்து அனுப்பினால், “ஆழம் பார்த்தீர்களா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். ஆழம் அதிகமாக இருந்து சிகிச்சை எடுத்தால் ஆறு, எட்டு வாரம் கழித்துத் திரும்பப் போய் அதே இடங்களை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.