லாக்கைப் பற்றிக் குறிப்பெடுக்க வைக்காதீர்கள்

கேள்வி: இளங்கலை மாணவர்களுக்குத் தத்துவம் நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதிகளான லாக், பெர்க்லி, ஹியூம் மூவருக்கும் சேர்த்து இரண்டு வாரம்தான். "மனம் வெற்றுப் பலகை என்றார் லாக், பருப்பொருளே இல்லை என்றார் பெர்க்லி, காரணகாரியமே இல்லை என்றார் ஹியூம், மூவரையும் பின்னால் வந்த ஜெர்மன் தத்துவவாதி காண்ட் சரிசெய்தார்" என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுத்துவிடுகிறேன். மாணவர்களுக்கோ ஆர்வமே இல்லை. இவர்கள் ஏன் இப்படிக் கிறுக்குத்தனமாகப் பேசினார்கள் என்று கேட்கிறார்கள். இந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டு நேரே காண்டுக்குப் போய்விடலாமா? – ஒரு கல்லூரி ஆசிரியர்

பதில்: போகக் கூடாது. மாணவர்கள் கேட்பது நியாயம்தான். அந்தக் குறிப்பை மட்டும் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கோளாறு குறிப்பில் இருக்கிறது.

முதலில் லாக். 1689 கடைசியில் வெளிவந்த அவருடைய பெரிய நூலின் முதல் பகுதி முழுவதும் ஒரே கருத்தை எதிர்த்து எழுதப்பட்டது. சில உண்மைகள் பிறக்கும்போதே மனத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன என்பதே அந்தக் கருத்து. அதை எதிர்க்க ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்று பகுதி முடிகிற இடத்தில் அவரே சொல்கிறார். ஒரு கொள்கை பிறவியிலேயே வந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அப்புறம் அதைக் கேள்வி கேட்க முடியாது. கேள்வி கேட்காதவர்களை ஆள்வது சுலபம். ஆசானாகவும் தலைவனாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. அதே இடத்தில் இன்னொன்றும் எழுதுகிறார்: அடுத்தவர் கருத்துகள் நம் மூளையில் மிதந்துகொண்டிருப்பதால் நமக்கு அறிவு கடுகளவும் கூடுவதில்லை, அந்தக் கருத்துகள் உண்மையாகவே இருந்தாலும் சரி.

இப்படி எழுதியவரைத்தான் நீங்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். லாக்குக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது.

'வெற்றுப் பலகை'யையும் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். எழுதாத வெள்ளைத்தாள் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் மனத்தில் எண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு மட்டும் சொன்ன பதில் அது. மனத்துக்கு எந்தத் திறமையும் கிடையாது என்று அவர் சொல்லவில்லை. ஒப்பிடவும் சேர்க்கவும் பிரிக்கவும் அதற்குத் தெரியும். புலன்கள் தருவது போக, மனம் தன் வேலையைத் தானே கவனித்துப் பெறும் எண்ணங்களும் உண்டு என்கிறார். அந்த இரண்டாவது ஊற்றை விட்டுவிட்டு லாக்கைச் சொல்வது பாதி லாக். அவர் மருத்துவம் படித்தவர் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 1668இல், பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆன அரசியல்வாதியின் கல்லீரல் கட்டிக்கு நடந்த அறுவை சிகிச்சையை முன்னின்று நடத்தியவர் அவர். நோயாளியின் படுக்கையருகே நின்று பார்த்துக் கற்க வேண்டும் என்ற டாக்டர் சிடன்ஹாமோடு சேர்ந்து வேலை செய்தவர். அனுபவம் என்ற சொல் அவர் வாயில் வெறும் தத்துவச் சொல் இல்லை.

சரி, வகுப்பில் எங்கே தொடங்குவது? மூன்று பாத்திரங்களில் தொடங்குங்கள். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். ஒரு மாணவி வலக்கையை வெந்நீரிலும் இடக்கையை ஐஸ் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும். பிறகு இரண்டு கையையும் நடுப் பாத்திரத்தில் விடட்டும். அதே தண்ணீர் வலக்கைக்குக் குளிரும், இடக்கைக்குச் சுடும். இப்போது கேளுங்கள்: தண்ணீர் சூடா, குளிரா?

லாக்கின் நூலிலேயே இந்தத் தண்ணீர் இருக்கிறது. சூடு என்பது நம் உடலின் நுண்துகள்களில் ஏற்படும் அசைவு என்று வைத்துக்கொண்டால் புதிர் அவிழ்ந்துவிடும் என்கிறார். ஒரே தண்ணீர் ஒரு கையில் அசைவைக் கூட்டுகிறது, இன்னொரு கையில் குறைக்கிறது. ஆகவே நாம் உணரும் சூடு தண்ணீரில் அப்படியே இல்லை. ஆனால் வடிவம் வேறு. ஒரு கைக்கு உருண்டையாக இருப்பது மறு கைக்குச் சதுரமாக இருப்பதில்லை. வடிவம், அளவு, அசைவு இவை பொருளிலேயே உள்ளவை. நிறம், சுவை, சூடு இவை பொருள் நம்மிடம் உண்டாக்குபவை. ராபர்ட் பாயில், நியூட்டன் ஆகிய விஞ்ஞானிகள் வாழ்ந்த காலத்து அறிவியலுக்கு மிகவும் தேவைப்பட்ட பிரிவினை இது. மாணவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளட்டும்.

அடுத்த நாள் பெர்க்லியைக் கொண்டுவாருங்கள். 1713இல் அவர் எழுதிய உரையாடலில் அதே இரண்டு கைகள், அதே தண்ணீர். லாக் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மேலே ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு சின்னஞ்சிறு பூச்சிக்குத் தன் கால் நல்ல பெரிய பொருளாகத் தெரியும். நமக்கு அது கண்ணிலேயே படாது. ஒரே காலுக்கு இரண்டு அளவு. தண்ணீர் விஷயத்தில் செல்லுபடியான வாதம் இங்கே ஏன் செல்லாது? அளவும் வடிவமும் மட்டும் எப்படிப் பொருளில் தங்கின? நேற்றுத் தலையாட்டியவர்கள் இன்று விழிப்பார்கள். 'பருப்பொருள் இல்லை' என்ற முடிவு எங்கிருந்து முளைக்கிறது என்று அப்போதுதான் புரியும். லாக் போட்ட பாதையில் லாக் நின்ற இடத்துக்கு மேலும் நடந்தவர் பெர்க்லி.

யாராவது ஒரு மாணவர் மேசையைத் தட்டிக் காட்டுவார். 1763இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனும் அப்படித்தான் ஒரு பெரிய கல்லை உதைத்து, பெர்க்லியை மறுத்துவிட்டதாகச் சொன்னார். காலில் பட்ட கெட்டித்தனமும் வலியும் உணரப்பட்டவைதானே? கல் இருக்கிறது என்பதில் பெர்க்லிக்குச் சந்தேகமே கிடையாது. உணரப்படும் அத்தனையையும் கழித்த பிறகும் பின்னால் ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்றைத்தான் அவர் மறுக்கிறார். அடிப்படை நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 25 என்பதையும் சொல்லிவையுங்கள். உங்கள் மாணவர்களுக்கு அண்ணன் வயது.

இடையில் ஒரு வகுப்பை மாலினூக்ஸ் கேள்விக்கு ஒதுக்குங்கள். டப்ளின்காரரான வில்லியம் மாலினூக்ஸ் லாக்குக்குக் கடிதத்தில் எழுதியது. மாலினூக்ஸின் மனைவி பார்வை இழந்தவர். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டே பிரித்தறிகிறார். திடீரென்று பார்வை கிடைத்தால், தொடாமல், எது எது என்று சொல்வாரா? பதில் சொல்லும் முன் எல்லோரையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றார் மாலினூக்ஸ். லாக் ஆமோதித்து 1694இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். பெர்க்லியும் முடியாது என்றார். இந்த இரண்டில் ஒன்று உருண்டை, மற்றது கனசதுரம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றார் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ். அப்புறம் இந்தியாவுக்கு வாருங்கள். பார்வையற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்கும் பிரகாஷ் திட்டத்தில், 8 முதல் 17 வயது வரையுள்ள ஐந்து பேரைச் சிகிச்சை முடிந்தவுடன் சோதித்துப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தொட்டுணர்ந்த பொருளைக் கண்ணால் உடனே அடையாளம் காண அவர்களால் இயலவில்லை. ஆனால் சில நாட்களிலேயே அந்தத் திறமை வளரத் தொடங்கியது. அந்த வேகத்துக்கு என்ன காரணம் என்று மாணவர்களிடம் கேளுங்கள். மணி அடித்தாலும் எழுந்து போக மாட்டார்கள்.

ஹியூமுக்கு ஒரு கேரம் போர்டு போதும். அவர் பில்லியர்ட்ஸ் பந்துகளை வைத்துச் சொன்னார். ஸ்ட்ரைக்கர் காயை அடிக்கிறது, காய் நகர்கிறது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஒன்று வந்தது, தொட்டது, மற்றது நகர்ந்தது. 'நகர்ந்தே ஆக வேண்டும்' என்பதை யார் பார்த்தார்கள்? எத்தனை முறை அடித்தாலும் அந்தக் கட்டாயம் காயில் தென்படாது. திரும்பத் திரும்பப் பார்த்ததால் நம் மனத்தில் ஊன்றிய பழக்கம் அது என்கிறார் ஹியூம். காரணகாரியத்தை அவர் மறுத்தார் என்பது பிழை. காரணமில்லாமல் ஒன்று தோன்றும் என்ற அபத்தத்தை நான் ஒருபோதும் சொன்னதில்லை என்று 1754இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதினார். காரணம் உண்டு என்ற அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதே அவர் கேள்வி.

மூவரையும் வரிசையில் நிறுத்தி, முடிவில் காண்டைக் கொண்டுவந்து காப்பாற்றவைக்கும் கதை பிற்கால வரலாற்றாசிரியர்கள் நிலைநாட்டியது. வினாத்தாளுக்கு வசதி; உண்மைக்கு வசதியில்லை. அறிவெல்லாம் அனுபவத்திலிருந்தே வருகிறது என்பவர், அதாவது அனுபவவாதி என்று பாடநூல்கள் பெயர் சூட்டும் லாக், கணிதம் உறுதியான அறிவு என்கிறார், கடவுள் இருப்பதை நிரூபிக்க முடியும் என்கிறார். பெர்க்லி பிற்பாடு பிஷப் ஆனவர். பெயரை முதலில் ஒட்டிவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது. லாக்கின் தோழி டாமரிஸ் மாஷம், 1824இல் ஹியூமை மறுத்து நூல் எழுதிய மேரி ஷெப்பர்ட் ஆகிய பெண்களும் அந்த வரிசையில் காணாமல் போனார்கள்.

இந்த மூவருடைய கறையையும் மறைக்காதீர்கள். அடிமை வியாபாரக் கம்பெனியில் லாக் பணம் போட்டிருந்தார். பெர்க்லி வட அமெரிக்காவின் ரோட் தீவில் அடிமைகளை வாங்கினார்; அதனால் 2023இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி தன் நூலகத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. ஹியூம் நிறவெறி நிறைந்த ஓர் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார். அனுபவத்தைக் கொண்டு எதையும் சோதி என்றவர்கள் இதை ஏன் சோதிக்கவில்லை என்று மாணவர்கள் கேட்டால், அதுவும் தத்துவ வகுப்புதான்.

மூல ஆங்கிலம் கரடுமுரடானது. ஜானதன் பென்னட் என்ற பேராசிரியர் இன்றைய ஆங்கிலத்தில் எளிமைப்படுத்திய வடிவங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம் எடுத்து, சத்தமாகப் படித்து, தமிழில் பேசி விவாதியுங்கள். இரண்டு வாரத்தில் ஆறேழு பக்கம் முடிந்தால் போதும். தேர்வில் 'லாக்கின் கொள்கையை விளக்குக' என்றுதான் கேட்பார்கள். அதற்குக் கடைசி வகுப்பில் பாதி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து, பெர்க்லியோடு மல்லுக்கட்டிய மாணவிக்கு அந்தப் பதிலை எழுதுவது சிரமமாக இருக்காது.