அந்த 92ஆம் ஆண்டு அணியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து நான்கு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் புளூ ஜேய்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றியே கதைக்கிறார்கள், அதிலும் வயதானவர்கள் எதற்கெடுத்தாலும் "92, 92" என்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை, இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். கூடவே வீட்டு வாடகை, கிரெடிட் கார்டு, குளிர் ஜாக்கெட் என்று இன்னும் மூன்று கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜாக்கெட்டில் காசு மிச்சம் பிடித்தாலும் சப்பாத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். முதல் கேள்விக்கு வருகிறேன். தெரிந்துகொள்ள வேண்டும். கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் 1992 பெப்ரவரியில் வந்து இறங்கியவன். வெல்லஸ்லி வீதியும் பார்லிமென்ட் வீதியும் சந்திக்கிற இடத்துக் கட்டடங்களில் ஒன்றில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஏழு பேர் இருந்தோம். பகல் வேலைக்காரன் எழும்பிப் போனதும் அதே மெத்தையில் இரவு வேலைக்காரன் படுப்பான். நாட்டில் அப்போது பொருளாதாரம் படுத்துக் கிடந்தது, வேலை கிடைப்பதே பெரிய பாடு. எனக்கு முதலில் கிடைத்தது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. முதலாளி ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்குப் பாதி விளங்கவில்லை. சிரித்துக்கொண்டு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். இரண்டு கிழமை கழித்துச் சம்பளம் கேட்டால், "பழகும் காலத்துக்குச் சம்பளம் இல்லை என்றேனே, நீயும் சரி என்றாயே" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ்ஸுக்குக் காசு இல்லை.

ஆகவே என்னுடைய முதல் எச்சரிக்கை: விளங்காத பேச்சுக்குச் சிரித்துத் தலையாட்டாதீர்கள். சம்பளப் பேச்சானாலும் சரி, விளையாட்டுப் பேச்சானாலும் சரி. "எனக்கு விளங்கவில்லை, சொல்லித் தாருங்கள்" என்று கேட்டால் இந்த ஊரில் யாரும் குறைவாக நினைப்பதில்லை. விளையாட்டைப் பற்றிக் கேட்டால் இன்னும் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

எனக்குச் சொல்லித் தந்தவர் இரண்டாவதாகச் சேர்ந்த சமையலறையில் இருந்த ஒரு டொமினிக்கன் சமையல்காரர். அடுப்புக்கு மேலே தட்டில் எண்ணெய் படிந்த ஒரு ரேடியோ வைத்திருந்தார். ஏப்ரல் தொடங்கியதும் ஒவ்வொரு இரவும் அதில் டொம் சீக், ஜெரி ஹவார்த் இருவரின் நேர்முக வர்ணனை ஓடும். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள், தம்பி! கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஆட்டம். பேஸ்பாலில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் ஊர்க் கதை, மழைக் கதை, ஆட்டக்காரனின் தகப்பன் கதை எல்லாம் ஆறுதலாகப் பேசுவார்கள். ஆங்கிலம் படிக்க நான் வகுப்புக்குப் போகவில்லை. கை கொதிநீரில் இருக்க, காது அந்த ரேடியோவில் இருந்தது.

சரி, ஏன் 92? பேஸ்பாலின் பெரிய பட்டமான உலகத் தொடரை இந்த அணி முதன்முதலாக வென்ற ஆண்டு அது. அதற்கு முன்னால் நடந்தவை தெரிந்தால்தான் அதன் அருமை விளங்கும். இந்த அணி 1977இல் தொடங்கியது. முதல் ஆட்டமே பனி கொட்ட நடந்தது. 1985இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில், அதாவது உலகத் தொடருக்குப் போகும் வாசல் தொடரில், மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் நின்றுவிட்டு கான்சஸ் சிட்டியிடம் தொடரையே விட்டார்கள். 1987இல் இன்னும் மோசம்: கடைசி ஏழு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்று, டெட்ரொயிட்டிடம் பிரிவுப் பட்டத்தை இழந்தார்கள். 1989இலும் 1991இலும் மறுபடி வாசல்வரை போய்த் திரும்பினார்கள். கிட்டே வரும், கைக்கு வராது என்று ஊரே மனம் நொந்திருந்த காலத்தில்தான் நான் வந்தேன். அந்த நோவு எனக்கு உடனே பிடிபட்டது.

பொது மேலாளர் பட் கில்லிக் அந்த ஆண்டு இரண்டு மூத்தவர்களைக் கூட்டிவந்தார். ஒருவர் ஜாக் மொறிஸ், முந்தைய ஆண்டு ரொறன்ரோவைத் தோற்கடித்த மினசோட்டாவின் பந்தெறிபவர். 92இல் இங்கே 21 ஆட்டங்களை வென்றார். மற்றவர் டேவ் வின்ஃபீல்ட், வயது நாற்பது. இவருக்கும் ஊருக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1983இல் நியூயோர்க் அணியோடு வந்தபோது, அவர் எறிந்த பந்து பட்டு ஒரு கடற்பறவை செத்துப்போக, ரொறன்ரோ பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. அதே மனிதர் 92இல் தன் அடிகளால் அணிக்கு 108 ஓட்டங்களை எடுத்துக் கொடுத்தார். பார்வையாளர்கள் சத்தமே போடாமல் இருக்கிறார்கள், சத்தம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டதும் அவர்தான். அதன் பிறகு ஸ்கைடோம் அரங்கம் வாயைத் திறந்தது. 96 வெற்றி, 66 தோல்வி. அந்த ஆண்டு அரங்கத்துக்கு வந்தவர்கள் 40 லட்சத்துக்கும் மேல்.

எங்கள் ஆட்களில் சிலர் முப்பது வருடமாக இங்கே இருந்துகொண்டு "அது வெள்ளைக்காரன் விளையாட்டு" என்பார்கள். எனக்குக் கோபம் வரும் பேச்சு இது. அந்த அணியை நடத்தியவர் சீட்டோ காஸ்டன், உலகத் தொடரை வென்ற முதல் கறுப்பின மேலாளர். ரொபேர்ட்டோ அலோமார், கண்டி மால்டொனாடோ புவெர்ட்டோ ரிக்கோக்காரர்கள். 16 ஆட்டங்களை வென்ற ஹுவான் குஸ்மான் டொமினிக்கன். அவர் எறியும் நாளில் எங்கள் சமையல்காரர் சட்டையை மாற்றிக்கொண்டுதான் அடுப்புப் பக்கம் வருவார். நடுக்களத்தில் ஓடிய டெவன் வைட் ஜமெய்க்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். வெளியூரில் பிறந்த இத்தனை பேரை இந்த ஊர் "எங்கள் பொடியன்கள்" என்று கூப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். வந்து எட்டு மாதமான எனக்கு அதைப் பார்ப்பது பெரிய விஷயமாக இருந்தது.

இன்னொரு எச்சரிக்கை. "கிரிக்கெட்டில் இப்படி இல்லை" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். நானும் யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் நடக்கிற பெரும் போட்டியை மரத்தில் ஏறியிருந்து பார்த்தவன்தான். கிரிக்கெட் எனக்குள் இருக்கிறது, அது எங்கும் போகாது. ஆனால் ஒருவர் தன் ஊரின் கதையைச் சொல்ல வரும்போது குறுக்கே உங்கள் அளவுகோலை நீட்டினால் அவர் வாயை மூடிக்கொள்வார். பிறகு உங்கள் பக்கம் திரும்பமாட்டார். முதலில் முழுதாகக் கேளுங்கள். அப்புறம் அவர்களே "உங்கள் ஊரில் என்ன விளையாடுவீர்கள்" என்று கேட்பார்கள்.

ஒக்டோபருக்கு வருவோம். 11ஆம் திகதி, அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில், ஓக்லாந்தில் 6-1 என்று பின்னால் நின்ற ஆட்டம். மெல்ல மெல்ல இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில், அதாவது வழக்கமான கடைசிச் சுற்றில், ஓக்லாந்தின் டெனிஸ் எக்கர்ஸ்லி எறிகிறார், அந்த ஆண்டில் அவரை அடித்தவர்கள் குறைவு. அலோமார் ஹோம் ரன் அடித்து, அதாவது பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி, சமப்படுத்தினார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் நின்ற படம் இன்றும் இந்த ஊர்க் கடைகளில் தொங்குகிறது. பதினோராவது இன்னிங்ஸில் 7-6 வெற்றி. இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் தெரிந்துகொண்டாலே சாப்பாட்டு மேசையில் உங்களுக்கு இடம் உண்டு.

பிறகு அட்லாண்டாவுடன் உலகத் தொடர். இரண்டாவது ஆட்டத்துக்கு முன், அங்கே அமெரிக்க மரீன் படையினர் கனடாக் கொடியைத் தலைகீழாகப் பிடித்து வந்துவிட்டார்கள். அடுத்த நாள் ஊர் முழுக்க அதே பேச்சு. நான் பயந்தேன். கொடி என்றால் என்ன நடக்கும் என்று எனக்கு ஊரில் தெரியும். ஆனால் மூன்றாவது ஆட்டத்துக்கு மரீன்கள் இங்கே வந்து கனடாக் கொடியை ஒழுங்காக ஏந்தினார்கள், கனடாவின் குதிரைப் பொலிஸ் அமெரிக்கக் கொடியை ஏந்தியது. இரண்டு கொடிக்கும் அரங்கம் எழும்பிக் கைதட்டியது. கோபம் அப்படியும் முடியலாம் என்பதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அந்த மூன்றாவது ஆட்டம், ஒக்டோபர் 20, அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் உலகத் தொடர் ஆட்டம். விடுப்பு எடுத்துக்கொண்டு போய், அரங்கத்துக்கு வெளியே நின்ற ஒருவனிடம் அறுபது டொலருக்கு டிக்கெட் வாங்கினேன். வாசலில் காவலர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஜூன் மாத ஆட்டத்தின் டிக்கெட். அறுபது டொலர் என்றால் எனக்கு அப்போது இரண்டு நாள் கோப்பை கழுவிய காசு. இப்போது எல்லாம் கைபேசியில் வருகிறது, ஆனால் ஏமாற்று மாறவில்லை: படத்தை எடுத்து ஒரே டிக்கெட்டைப் பத்துப் பேருக்கு விற்கிறார்கள். வாசலில் நிற்பவனிடம் ஒருபோதும் வாங்காதீர்கள். நம்ம ஆள், தமிழ் கதைக்கிறான் என்பதற்காகவும் வாங்காதீர்கள்.

திரும்பச் சமையலறைக்கே போனேன். டெவன் வைட் சுவரோடு மோதிப் பிடித்த அந்தப் பந்தை ரேடியோவில்தான் கேட்டேன். அந்த ஒரே அடியில் மூன்று பேரும் ஆட்டமிழந்திருக்க வேண்டும், மூன்றாவது ஆளை நடுவர் கவனிக்காமல் விட்டுவிட்டார். இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கோபப்படுகிறவர்கள் உங்கள் வேலையிடத்திலும் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் மால்டொனாடோ அடித்து 3-2.

ஒக்டோபர் 24, சனிக்கிழமை, அட்லாண்டாவில் ஆறாவது ஆட்டம். இன்னும் ஒரே ஒரு ஆள் ஆட்டமிழந்தால் பட்டம் என்ற இடத்தில் அட்லாண்டா சமப்படுத்திவிட்டது. "இதுதான் இந்த ஊரின் தலைவிதி" என்று சமையல்காரர் ரேடியோவை நிறுத்தப் போனார், நான் கையைப் பிடித்தேன். பதினோராவது இன்னிங்ஸ், இரண்டு பேர் பேஸில் நிற்க, வின்ஃபீல்ட் இடது எல்லைக் கோட்டோரம் அடித்தார். இரண்டு ஓட்டம். 1981 உலகத் தொடரில் 22 தரம் நின்று ஒரே ஒரு தரம் அடித்தார் என்று பதினொரு வருடமாகப் பேச்சு வாங்கிய மனிதர். அட்லாண்டா ஒன்றைத் திருப்பி எடுத்தது. கடைசியாக ஓடிஸ் நிக்ஸன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓட, மைக் டிம்லின் எடுத்து ஜோ கார்ட்டரிடம் எறிந்தார். 4-3. நள்ளிரவு தாண்டிவிட்டது.

கழுவாத பானைகளை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் யங் வீதிக்கு ஓடினோம். அதே யங் வீதியில் மே மாதக் கலவரத்தில் கடைக் கண்ணாடிகள் உடைந்து கிடந்ததைப் பார்த்திருந்தேன். அன்றைக்குக் கார்களின் கூரையில் ஆட்கள், சட்டியும் கரண்டியும் கொண்டு தட்டுகிறார்கள், முன்பின் தெரியாத ஒரு கிழவி என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். எட்டு மாதமாக யாரும் என்னைத் தொட்டதில்லை, தம்பி.

அடுத்த ஆண்டும் பட்டம் வந்தது, கார்ட்டரின் ஹோம் ரன்னால். அதை எல்லாரும் சொல்லித் தருவார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. 94இல் வேலைநிறுத்தத்தால் ஓகஸ்டோடு பருவமே நின்றுபோனது.

92 நவம்பரில் நான் அப்பாவுக்கு இதையெல்லாம் ஒன்பது பக்கக் கடிதமாக எழுதினேன். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் அவர் ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்பார். கடிதங்கள் கொழும்பு வழியாக மாதக் கணக்கில் அலையும். பதில் அடுத்த கோடையில் வந்தது. வீட்டுச் செய்தி, அம்மாவின் முட்டுவலி, தங்கையின் படிப்பு எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் கேட்டிருந்தார்: "அந்த நாற்பது வயதுக்காரர் இந்த வருடமும் உங்கள் அணியில் விளையாடுகிறாரா?"

இல்லை அப்பா, அவர் மினசோட்டா அணிக்குப் போய்விட்டார், அது அவர் பிறந்த ஊர் என்று எழுதி அனுப்பினேன்.