மார்கன் டாலர், பீஸ் டாலர்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

அமெரிக்க வெள்ளி டாலர் நாணயங்களில் 1878 முதல் வந்த மார்கன், அதன் பின் வந்த பீஸ் இரண்டும்தான் எனக்குப் பழக்கம். கேள்விகளை அந்த எல்லைக்குள் வைத்துக்கொண்டால் நன்றாகப் பதில் சொல்ல முடியும்.

சரவணன், நியூ ஜெர்சி: பழைய பொருள் விற்கும் கடையில் 1921 மார்கன் டாலர் ஒன்று வாங்கினேன். நூறு வயது தாண்டிவிட்டதே, என்ன விலை போகும் அண்ணா?

வயதுக்கும் விலைக்கும் சம்பந்தம் குறைவு, சரவணன். மார்கன் டாலர்களிலேயே அதிகம் கிடைப்பது 1921தான். பிலடெல்பியா நாணயச்சாலையில் மட்டும் 4 கோடியே 46 லட்சத்துக்கு மேல் அச்சடித்தார்கள். எடை 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. அதாவது சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி. விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். தேய்ந்த 1921க்கு அதற்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், அவ்வளவுதான்.

நித்யா, கோவை: கறுத்துப்போயிருக்கிறது. வெள்ளி விளக்கு மாதிரி விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். விபூதி, புளி, பற்பசை எதுவும் படக் கூடாது. தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கள் விழும். கிரேடு போடுபவர்கள், அதாவது நாணயத்தின் தரத்துக்கு மதிப்பெண் கொடுப்பவர்கள், அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு அதற்கு முழு மதிப்பெண் வரவே வராது. அந்தக் கறுப்பு சில நாணயங்களுக்கு விலையைக் கூட்டவும் செய்யும். மென்மையான பிளாஸ்டிக் உறையால் பச்சைப் பிசுக்கு ஏறியிருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், தேய்க்காமல்.

முரளி, சிகாகோ: அச்சடித்த எண்ணிக்கைப் பட்டியலைப் பார்த்து வாங்குகிறேன். எண்ணிக்கை குறைவென்றால் அரிது, சரிதானே?

இந்தத் தொடரில் சரியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பணத்தை விடுவது இங்கேதான்.

1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் வந்தது. முதல் உலகப் போர் நேரம். இந்தியாவில் ரூபாய் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள், பிரிட்டிஷ் அரசிடம் வெள்ளி இல்லை. அமெரிக்கா தன் கருவூலத்தில் கிடந்த 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் சுமார் 26 கோடி டாலரின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்திய ரூபாய்க்காகப் போனது. எந்த ஆண்டு நாணயம் எத்தனை உருகியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. உருக்கியதற்கு ஈடாகப் புதிதாக அடிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னதால்தான் 1921இல் அத்தனை கோடி வந்தது.

அதனால் எத்தனை பிழைத்தது என்று பாருங்கள். 1884இல் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் 11 லட்சம்தான் அச்சடிக்கப்பட்டது. ஆனால் மூட்டை மூட்டையாகக் கருவூலத்தில் தூங்கி, 1970களில் அரசே விற்றது. புதுசாகவே நிறையக் கிடைக்கிறது. 1901 பிலடெல்பியா 69 லட்சத்துக்கு மேல். புழங்காத நிலையில் ஒன்று பார்ப்பதே அபூர்வம். 1903 நியூ ஆர்லியன்ஸ் பெரிய அபூர்வம் என்று கருதப்பட்டது. 1962 இறுதியில் கருவூலம் மூட்டைகளைத் திறந்ததும் விலை அப்படியே சரிந்தது.

சிவா, டல்லாஸ்: அப்படியென்றால் 1895 பிலடெல்பியா? பதிவேட்டில் 12,000 இருக்கிறது, ஒன்றுகூட இல்லை. எல்லாம் உருகி ரூபாயாகிவிட்டது என்பதுதான் உண்மை.

உண்மை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிவா. அந்த 12,000 முந்தைய ஆண்டின் 1894 அச்சில் அடித்தவை என்பவர்களும் இருக்கிறார்கள். என் கட்சி அதுதான்.

சிவா: 12 மூட்டை அப்படியே பெட்டகத்தில் கிடந்து, அப்படியே உலைக்குப் போயிருக்கலாமே?

போயிருக்கலாம், நல்ல வாதம். ஆனால் இடையில் 23 வருடம். அதற்குள் ஒரு நாணயம்கூட வெளியே நழுவவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முரளி: நான் சிவா பக்கம். பெட்டகத்தில் பூட்டியது எப்படி நழுவும்?

சரவணன்: நானும். அண்ணா, என்னுடைய 1921க்கு மின்ட் மார்க் (அடித்த நாணயச்சாலையைக் குறிக்கும் எழுத்து) எங்கே பார்ப்பது?

சரி, 1895ஐ இதோடு விடுவோம். வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்த ஆண்டில் சேகரிப்பாளர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்புடன் அடித்த 880 ப்ரூஃப் நாணயங்கள் உண்டு. ப்ரூஃப் அல்லாத, மின்ட் மார்க் இல்லாத 1895 வந்தால் போலி, அல்லது எழுத்தைச் சுரண்டிய ஓ (நியூ ஆர்லியன்ஸ்), எஸ் (சான் பிரான்சிஸ்கோ) நாணயம். சரவணன், மின்ட் மார்க் பின்பக்கம் கழுகின் கீழே, மாலை முடிச்சுக்கு அடியில் இருக்கும்; பிலடெல்பியா நாணயத்தில் இருக்காது.

ரேவதி, சென்னை: 1922 பீஸ் டாலர். நூறு வருடம் ஆகிவிட்டது, விலை?

சரவணனுக்குச் சொன்னதேதான்.

பெயர் சொல்லாதவர்: 1923 பீஸ் டாலர், துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன், விலை?

மேலே இரண்டு பதில்களையும் படியுங்கள். இனிமேல் துடைக்காதீர்கள்.

அன்வர், நாகப்பட்டினம்: கொள்ளுத்தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. 1877, உட்கார்ந்த பெண் உருவம், மேலெல்லாம் சீன எழுத்துக் குத்துகள். குத்தியதால் கெட்டுப்போனதா?

என் எல்லைக்கு வெளியே என்றாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். இது டிரேட் டாலர், கிழக்காசிய வணிகத்துக்காகவே 1873 முதல் அடித்தது. வெள்ளி நல்லதுதானா என்று சோதித்த சீன வியாபாரிகள் தங்கள் முத்திரையைக் குத்துவார்கள். அதற்கென்றே சேகரிப்பவர்கள் உண்டு. ஆனால் போலிகள் ஏராளம், குத்தோடு சேர்த்தே செய்கிறார்கள். நகைக்கடைத் தராசில் வையுங்கள்: 27.2 கிராம் வர வேண்டும். 24, 25 என்றால் வெள்ளியே இல்லாமல் இருக்கலாம். காந்தம் ஒட்டாததை நம்பாதீர்கள், பித்தளையிலும் ஒட்டாது. எடை சரியாக வந்தால் இரண்டு பக்கமும் விளிம்பும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள்.

கார்த்திக், சான் ஹோசே: இணையத்தில் 1893 எஸ் மலிவாக வருகிறது. வாங்கட்டுமா?

வேண்டாம் தம்பி. ஒரு லட்சம்தான் அடித்தார்கள், தேய்ந்ததே பல ஆயிரம் டாலர். சாதாரண 1893இல் எஸ் ஒட்டி விற்பார்கள். அசலெல்லாம் ஒரே முகப்பு அச்சில் வந்தவை. லென்ஸில் பார்த்தால் கிரீடத்தில் லிபர்ட்டி என்ற சொல்லின் டி எழுத்துத் தலையில் சாய்ந்த மெல்லிய கோடு தெரியும். பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி (நாணயத்தைச் சோதித்து, கிரேடு போட்டு, பெட்டியில் மூடித்தரும் நிறுவனங்கள்) பெட்டியில் இருந்தால் மட்டும் வாங்குங்கள், பெட்டி எண்ணையும் அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். பெட்டியிலும் போலி வருகிறது.