எச்.ஆர். அறையும் கவனமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், காண்ட்ராக்ட் ஆட்கள் அதைவிட அதிகம். பிரிவில் நானும் ஒரு ஜூனியர் பையனும்தான். காலையில் சம்பள ஷீட்டைத் திறந்தால் மாலை வரை அது திறந்தபடியே கிடக்கிறது. லீவு, பி.எஃப்., பஸ் வரவில்லை, சூப்பர்வைசர் திட்டிவிட்டார் என்று யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். கவனம் சிதறாமல் ஒரே வேலையைச் செய்ய 25 நிமிட டைமர் வைத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். போதாததற்கு, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவிலும் இருக்கிறேன். அந்த விசாரணை நாட்களில் வேறு எதிலும் மனம் ஒட்டுவதில்லை. இந்த வருட அப்ரைசலில் ‘ஃபோகஸ் போதவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். நீங்கள் பல வருடம் பர்சனல் (பணியாளர் நிர்வாக) துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். எனக்கு இந்த வேலை ஒத்துவராதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டைமரைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எதிரே ஒருவர் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும்போது அது மணி அடித்தால் என்ன செய்வீர்கள்? தனியாக உட்கார்ந்து ஒரே பொருளைச் செய்து முடிப்பவர்களுக்கு அது நல்ல முறைதான். எழுதும் நேரத்தில் எனக்கேகூட உதவியிருக்கிறது. எச்.ஆர். வேலையில் பாதி, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவது. வருகிறவரை எல்லாம் இடைஞ்சல் கணக்கில் எழுதினால், நாள் முழுக்க உழைத்துவிட்டு ஒன்றுமே செய்யவில்லை என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவீர்கள்.

ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடா நாட்டு நிர்வாகவியல் பேராசிரியர், ஐந்து நிறுவனத் தலைவர்களின் அன்றாட வேலையைக் கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் கையில் எடுத்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. 1970களில் அவர் இதை எழுதியபோது செல்போனும் இல்லை, வாட்ஸப்பும் இல்லை. அந்தத் தலைவர்களுக்கு யாரும் ‘ஃபோகஸ் போதவில்லை’ என்று அப்ரைசல் எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, அதற்காக எல்லா வேலையையும் அப்படிச் செய்யலாமா என்றால், கூடாது. எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்பதற்கு நான் வைத்திருந்த கேள்வி ஒன்றுதான்: இதில் தப்பு வந்தால் யாருக்கு அடிபடும்?

ஈ.எஸ்.ஐ.யை, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஒருவருக்கு ஜூனில் இன்க்ரிமென்ட் வந்து வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், ஆகவே செப்டம்பர் முடியும் வரை அவருக்குப் பிடித்தம் தொடர வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஷீட்டில் அவர் பெயர் உள்ள வரியில் கை இருக்கும்போது ஒருவர் வந்து பஸ் பாஸ் கேட்கிறார். பதில் சொல்லிவிட்டுத் திரும்புகிறீர்கள். ‘21,000க்கு மேல்’ என்பது மட்டும் கண்ணில் படுகிறது, பெயரை எடுத்துவிடுகிறீர்கள். அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா இருந்தால்தான் பிறகு ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். ஏப்ரலும் மேயும் சேர்ந்து 78 நாள் வராது. பிப்ரவரியில் அவர் முதுகுவலியோடு படுத்து, பணத்துக்கு ஈ.எஸ்.ஐ. அலுவலகம் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். பஸ் பாஸ் கேட்டவர் அதற்குள் வேலையை விட்டே போயிருப்பார்.

இந்த மாதிரி வேலைக்குத் தனி இடம் வேண்டும். உங்கள் அறையில் உட்கார்ந்துகொண்டு ‘இப்போது வராதீர்கள்’ என்று சொல்வது நடக்காது. நம்மூரில் ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டால், ‘ஒரே ஒரு நிமிஷம் மேடம்’ வந்துவிடும். மாத அட்டெண்டன்ஸ் கணக்கை மூடியதும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு டிரெய்னிங் ஹாலுக்குப் போய்விடுங்கள். ஜூனியர் பையன் அறையில் இருக்கட்டும். சம்பள நாட்கள், 7ஆம் தேதி டி.டி.எஸ். (சம்பளத்தில் பிடித்த வருமான வரி), 15ஆம் தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சலான் என்று மாதத்தில் இப்படி ஒளிய வேண்டிய நாட்கள் கொஞ்சம்தான். பி.எஃப். கட்ட ஒரு நாள் தாமதமானாலும் வட்டி ஓடும் என்பதை மேலே இருப்பவர்களுக்கு ஒரு முறை சொல்லிவிட்டால், ஏன் காணோம் என்று அவர்களும் தேட மாட்டார்கள்.

மற்ற நாட்களில் கூட்டம் எப்போது வருகிறது என்று பாருங்கள். ஆறு, இரண்டு, பத்து என்று ஷிப்ட் ஓடினால், இரண்டு மணியை ஒட்டித்தான் நெரிசல். முதல் ஷிப்ட் ஆள் பஸ் ஏறுமுன் வருவார், இரண்டாம் ஷிப்ட் ஆள் பஞ்ச் பண்ணுமுன் வருவார். அந்த ஒரு மணி நேரம் நீங்களே டைம் ஆபீஸ் பக்கம் நோட்டோடு போய் நில்லுங்கள். அறை வரை வரத் தயங்குகிற காண்ட்ராக்ட் ஆள்கூட அங்கே வாயைத் திறப்பார். இரண்டரைக்கு மேல் நாலு வரை தொழிற்சாலை அடங்கிவிடும். உங்கள் நீளமான வேலைகளை அங்கே வையுங்கள். அப்புறம் அந்த ஐந்து மணி எழுச்சி வேண்டாம், தூங்குங்கள்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். வருகிற கூட்டத்தில் ஒரு பகுதியை நாமேதான் வரவழைக்கிறோம். ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களோடு வடக்கிலிருந்து வந்த ஹிந்திக்காரர்களும் லைனில் நிற்கிறார்கள். பே ஸ்லிப்பை மட்டும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் அடித்துக் கொடுக்கிறோம். ‘எல்.ஓ.பி. 1.5’ என்றால் ஒன்றரை நாள் சம்பளமில்லா விடுப்பு என்று யாருக்குப் புரியும்? சம்பளத்துக்கு மறுநாள் வரிசை கட்டி வந்து ‘ஏன் குறைஞ்சிருக்கு?’ என்று கேட்கத்தான் செய்வார்கள். ஒரே கேள்வியை இருபது பேர் கேட்டால் குறை அந்தக் காகிதத்தில் இருக்கிறது. எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று அவரவர் மொழியில் ஒரு தாள் அச்சடித்துக் கேண்டீனில் ஒட்டுங்கள்.

பி.எஃப். பெயர்ப் பிரச்சினையும் இதே கதைதான். நமக்கு இனிஷியல், அப்பா பெயர். ஆதாரில் ‘முருகன் எஸ்’, பள்ளிச் சான்றிதழில் ‘எஸ் முருகன்’, பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என்.னில் ‘சுப்பையா முருகன்’. அட்வான்ஸ் கேட்டு விண்ணப்பித்தால் நிராகரிப்பு, உடனே உங்கள் கதவு. ஒவ்வொருவர் வரும்போதும் தனித்தனியாகச் செய்தால் வருடம் முழுக்க இதே வேலையாக இருக்கும். ஒரு நாள் முகாம் போட்டு, எல்லாரையும் ஆதாரோடும் ஆதாரில் இணைத்த போனோடும் வரச்சொல்லுங்கள். 2017 அக்டோபருக்குப் பிறகு கொடுக்கப்பட்ட யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி போன்ற திருத்தங்களை உறுப்பினரே ஆன்லைனில் செய்துகொள்ள 2025 ஜனவரியில் வழி வந்துவிட்டது. பழைய யு.ஏ.என்.களை மட்டும் நீங்கள் பார்த்தால் போதும். பையனுக்கும் நல்ல பயிற்சி.

விசாரணை நாட்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். டைமர் சமாச்சாரத்தை விட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், அதில் கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது. கேண்டீனில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மேலேயே புகார் இருக்கலாம். நீங்கள் சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டு சாம்பாரை நகர்த்தித் தர வேண்டும். அதற்குப் பிறகு எக்ஸலில் மனம் ஒட்டவில்லை என்றால் அது ஒழுங்காக வேலை செய்கிற மனம்தான். சோபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டியதும் இதைத்தான்: முடியாமல் விட்டுவந்த வேலையில் கவனத்தின் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டே இருக்கிறது, அடுத்த வேலைக்கு மீதிதான் வருகிறது.

அதனால் விசாரணை முடிந்ததும் குறிப்பை அப்போதே, அந்த அறையிலேயே எழுதி முடித்துவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் ராத்திரி முழுக்க மனதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அன்று மீதி நேரத்துக்கு அடையாள அட்டை, ஃபைல், பஸ் ரூட் மாதிரி தப்பு வந்தாலும் யாருக்கும் அடிபடாத வேலை. இன்டர்வியூ வேண்டவே வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்து முதல் வேலைக்கு வருகிற பையன், உங்கள் முகத்தில் இருப்பது தன்மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொள்வான். அதே காரணத்துக்காக, ஒருவரை வேலையைவிட்டு அனுப்புகிற நாளில் நான் ஆள் எடுத்ததில்லை.

அப்ரைசலுக்கு வருகிறேன். வாதாடாதீர்கள். இரண்டு வாரம், வந்தவர் எதற்காக வந்தார், எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் குறித்து வையுங்கள். பெயர் வேண்டாம். அதை மேலாளர் முன் வைத்து, இதில் எதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். முதல் ஐந்தாறு வரியிலேயே பேச்சு உங்கள் ஃபோகஸை விட்டு ஆள் பற்றாக்குறைக்குப் போய்விடும். இன்னொரு ஜூனியரைக் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. கேட்டுவிடுங்கள். கிடைத்தால் கன்னடமோ ஹிந்தியோ தெரிந்த ஆளாகப் பார்த்து எடுங்கள்.

அன்புடன்.