பாலில் கை வைக்காதீர்கள், முதலில் மீட்டரைப் பாருங்கள்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை, சனிக்கிழமைதோறும் கூலி. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமியார். வாடகை வீடு, மீட்டர் தனி. "எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மாதக் கடைசியில் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு லிட்டர் பாலை அரை லிட்டராகக் குறைக்கலாமா? சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வாங்கும் தட்டுவடை செட்டை நிறுத்திவிடலாமா? போன தடவை கரண்ட் 520 யூனிட் வந்தது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

சகோதரி, பாலைக் குறைக்க வேண்டாம். வளரும் பிள்ளைகளும் வயதானவரும் இருக்கிற வீட்டில் அது சேமிப்பே இல்லை. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் வாங்குகிறீர்கள் என்றால் பச்சைக்கோ நீலத்துக்கோ மாறுங்கள். ஆரஞ்சில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. கொழுப்புதான் குறைகிறது, புரதம் பெரிதாகக் குறைவதில்லை. தயிருக்கும் காப்பிக்கும் நீலமே போதும். அளவு அதே ஒரு லிட்டராக இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 520தான். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. இந்த 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் 2.35 ரூபாய் என்ற சலுகை விலை அப்படியே போய்விடும். 101லிருந்தே 4.70 போடுவார்கள். 501 முதல் 600 வரை 8.40. ஆக, 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் என்றால் 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

உங்கள் 520க்கு 2,208 ரூபாய் வந்திருக்கும். 495இல் நின்றிருந்தால் 1,773தான். வெறும் 25 யூனிட்டில் 435 ரூபாய் போயிருக்கிறது. அரை லிட்டர் பாலைப் பற்றிக் கவலைப்படுகிற வீட்டில் இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த 25 யூனிட்டை எங்கே பிடிப்பது? குளிக்க வெந்நீர் போட ஹீட்டர் ராடு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 1,500 வாட் ராடு தினமும் 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட், 60 நாளில் 30 யூனிட். சேலத்து வெயிலில் மாசி பிறந்தாலே மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மத்தியானம் சூடாகத்தான் வருகிறது. மாமியாருக்கு மட்டும் வெந்நீர் வேண்டும் என்றால் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் அவர் மத்தியானம் குளிக்கலாம், ராடே வேண்டாம். அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஃபேன் என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. கூடத்தில் அதிக நேரம் ஓடுவதை மட்டும், போனஸ் வரும்போது மாற்றுங்கள்.

தண்ணீர் மோட்டாரையும் ஒரு கண் பாருங்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு வருடம் மோட்டார் தினமும் இரண்டு தடவை ஓடியது, ஏனென்றே புரியவில்லை. கடைசியில் பார்த்தால் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வந்த பிளம்பர் தொட்டியையே மாற்றச் சொன்னார். வாஷர் மட்டும் மாற்றினோம், நின்றுவிட்டது.

ரீடிங் எடுத்த தேதியையும் அன்று மீட்டரில் இருந்த எண்ணையும் காலண்டரில் குறித்து வையுங்கள். 45ஆம் நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். அந்த எண்ணைக் கழித்தால் 375க்குப் பக்கத்தில் வந்தால் கடைசிப் பதினைந்து நாள் கவனமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம்.

சரி, அடுப்புக்கு வருவோம். இதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. போர் தண்ணீரில் துவரம்பருப்பு சீக்கிரம் வேகாது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில் நாலு விசிலில் குழைகிற பருப்பு போர் தண்ணீரில் ஏழு எட்டு விசில் கேட்கும். அதனால் பிடித்து வைக்கும் மேட்டூர் தண்ணீரில் குடிக்கிற பங்கு போக, பருப்பு வேக வைக்க ஒரு குடம் தனியாக வையுங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊற வையுங்கள், புளியை வெந்த பிறகு சேருங்கள். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு கடினமாகவே நிற்கும். முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிடலாம், குக்கருக்குள் சூடு குறையாது. அடுப்புத் தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

துணி சோப்பும் போர் தண்ணீரில் நுரைக்காமல் கரைந்தே போகும். கட்டி சோப்பைத் தேய்ப்பதைவிடப் பவுடரில் ஊற வைத்துத் துவைப்பது சிக்கனம்.

மளிகைக்கு உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கணவர் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே லீ பஜார், மொத்த வியாபாரச் சந்தை. சில்லறைக் கடையில் அரைக் கிலோ, கால் கிலோவாக வாங்குவதை விட்டு, அக்கம்பக்கத்து இரண்டு வீட்டாரோடு சேர்ந்து மாதம் ஒரு தடவை அங்கே வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். புளி, மிளகாயை மாசி, பங்குனியில் புது வரத்து வரும்போது வருடத்துக்கு வாங்கி வெயிலில் காய வைக்கலாம். பருப்பை மட்டும் அப்படி வாங்காதீர்கள். பழைய பருப்பு வேகவும் நேரமாகும், வண்டும் விழும். இரண்டு மாதத்துக்குப் போதுமானதே சரி. ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைப்பதை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் வாங்கிவிடுங்கள்.

காய்கறிக்கு அம்மாபேட்டை உழவர் சந்தை இருக்கவே இருக்கிறது. அன்றைய விலை போர்டில் இருக்கும், விவசாயியே நேரில் விற்கிறார். ஆனால் மலிவாக இருக்கிறதே என்று பை நிறைய வாங்கி வந்து, நாலாம் நாள் வாடிய கீரையைத் தூக்கிப் போடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் இரண்டு தடவை போய் அளவாக வாங்குங்கள். பெரிய கடைகளில் பாக்கெட் சாமான் வாங்கினால் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை வைத்து ஒப்பிடுங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்பது எப்போதும் உண்மையில்லை. சில ஷாம்பூவில் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு.

மாமியாரின் மாத்திரைச் செலவைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் மாதம் ஒரு நல்ல தொகை அதில் போகும் என்று எனக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பழைய சீட்டைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். அங்கே இல்லாத மாத்திரைக்கு, பொதுப்பெயர் மருந்தை மலிவாக விற்கும் மக்கள் மருந்தகமோ, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகமோ போகலாம். மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள். அளவை மட்டும் நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

அப்புறம் அந்தக் கைமாற்று. வரவு வாரா வாரம் வருகிறது, பெரிய செலவோ மொத்தமாக வந்து விழுகிறது: மாதம் பிறந்தால் வாடகை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட், ஒன்றரை மாதத்தில் சிலிண்டர், ஜூனில் பள்ளிக்கூடம். கூலி வந்த சனிக்கிழமை கை தாராளமாக இருக்கும், பில் வருகிற வாரம் காலியாக இருக்கும். நீங்கள் ஊதாரித்தனம் செய்யவில்லை. கூலி கைக்கு வந்ததும், கடைக்குப் போவதற்கு முன்பே, வாடகையில் நாலில் ஒரு பங்கு, கரண்டுக்கு 200, சிலிண்டர் விலையில் ஆறில் ஒரு பங்கு, பள்ளிக்கூடத்துக்கு முடிந்தது என்று தனித்தனி டப்பாவில் போடுங்கள். நம் அம்மாக்கள் கடுகு டப்பாவில் ஒளித்து வைத்தார்களே, அதே பழக்கம்தான், டப்பா மட்டும் நாலு. முதல் இரண்டு மாதம் கஷ்டமாக இருக்கும், நடுவில் ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடன் வாங்க வேண்டியும் வரும். பரவாயில்லை, வெளியே வாங்குவதைவிட அது மேல்.

தட்டுவடை செட்டை நிறுத்தாதீர்கள். வாரமெல்லாம் பட்டறையில் குனிந்து வேலை செய்துவிட்டு வருகிறவர் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வருகிறார். அது வீட்டுக்கு வேண்டும். அடுத்த ரீடிங் எடுத்ததும் யூனிட் எவ்வளவு என்று எழுதுங்கள். 500க்கு மேலேயே நின்றால் வீட்டிலுள்ள மின்சாமான்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள், ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்போம்.