அரை மணியில் கறுக்கும் ‘மருதாணி’

கேள்வி: எனக்கு வயது 46. காதோரமும் வகிடும் முழுக்க நரை. மாதாமாதம் பார்லருக்குக் கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை. கெமிக்கல் வேண்டாம் என்று ‘கருப்பு மருதாணி’ பொடி பாக்கெட் வாங்கிப் போடுகிறேன். இரண்டு மாதமாகப் போட்ட மறுநாள் நெற்றியோரம் அரிக்கிறது. அமோனியா இல்லாத டை ஷாம்பூ போடச் சொல்கிறார்கள். மலிவாக எதைப் போடலாம்?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: முதலில் அந்தப் பாக்கெட்டை நிறுத்துங்கள். மருதாணி இலை நரைமுடியில் செம்பட்டையாகத்தான் பிடிக்கும். அதற்கும் மணிக்கணக்கில் ஊற வேண்டும். தண்ணீரில் குழைத்துத் தடவினால் அரை மணியில் கன்னங்கரேலென்று ஆகிறதா? அப்படியானால் அங்கே வேலை செய்வது பி.பி.டி. என்ற பாரா-ஃபீனைலின்டையமின், அதாவது கறுப்பு தரும் கெமிக்கல் சாயம். மருதாணி பெயருக்குத்தான். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தைப் பாருங்கள்.

உங்கள் அரிப்பு அதன் ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். இன்று அரிப்போடு நிற்பது, அடுத்த முறை இமை வீங்கிக் கண் திறக்க முடியாத அளவுக்குப் போகலாம். தோல் மருத்துவரிடம் காட்டி, பேட்ச் டெஸ்ட் (எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். அதுவரை எந்தக் கம்பெனியின் கறுப்பு டையும் உங்களுக்கு வேண்டாம்.

டை ஷாம்பூவும் அதே சாயம்தான். அமோனியாவின் முக்கிய வேலை முடியின் மேல்தோலைத் திறந்துவிடுவது. அதை எடுத்துவிட்டு வேறொரு காரத்தைச் சேர்த்தால் நெடி குறையும். கறுப்பு தருகிற பொருள் பெரும்பாலும் மாறுவதில்லை. பிரஷ்ஷில் முடிக்கு மட்டும் தடவ வேண்டியதை ஷாம்பூ என்ற பெயரில் மண்டைத் தோல் முழுக்கத் தேய்க்கிறோம். உங்களுக்கு இது இன்னும் மோசம்.

உங்களுக்குச் சரிப்படுவது மருதாணி, பிறகு நீலச் சாயம் தரும் அவுரி இலை. நாட்டு மருந்துக் கடையில் இரண்டும் கிடைக்கும். இலைப்பொடி தவிர வேறெதுவும் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். தோள்வரை முடிக்கு ஒவ்வொன்றிலும் 100 கிராம். வேருக்கு மட்டும் என்றால் 40 கிராம் போதும். மருதாணியை வெதுவெதுப்பான டீ டிகாக்‌ஷனில் குழைத்து இரவு முழுக்க ஊறவிட்டு, எண்ணெய் இல்லாத முடியில் தடவி, 2 மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். அவுரியை முன்கூட்டியே கரைத்து வைக்கக் கூடாது. வெந்நீர் அல்ல, வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்போடு தயிர் பதத்தில் கலக்கி, 10, 15 நிமிடத்தில் தடவ ஆரம்பித்துவிடுங்கள். நேரம் போகப் போக அதன் சாயம் செத்துவிடும். ஒன்றரை மணி நேரம் வைத்து அலசுங்கள். இரண்டு நாளைக்கு ஷாம்பூ, சீயக்காய் கூடாது. முதல் நாள் கொஞ்சம் பச்சையடித்தாற்போல் தெரிந்தால் பதற வேண்டாம், காற்றுப் பட்டு மறுநாள் கறுக்கும். பச்சை போகவே இல்லையென்றால் மருதாணி சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவுரியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது; இதையும் முன்கையில் தடவிப் பார்த்த பிறகே தலைக்குப் போடுங்கள்.

ஒவ்வாமை இல்லாத மற்றவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. 50 ரூபாய்க்குள் கிடைக்கும் இரட்டைச் சாஷே கிரீம் போதும். விலை கூடியதிலும் சாயம் அதேதான், வாசனையும் கண்டிஷனரும்தான் கூடுதல். நிறத்தில் மட்டும் யோசியுங்கள்: நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அட்டைக் கறுப்பைவிட டார்க் பிரவுன் நன்றாக இருக்கும், வேர் வெளுத்து வரும்போதும் பளிச்சென்று தெரியாது. பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஒவ்வாமைச் சோதனை முறை போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அதை யாரும் பிரிப்பதே இல்லை. கலந்த டையைத் துளி எடுத்துக் காதின் பின்னால் தடவிக் காயவிடுங்கள். தாளில் 24 மணி நேரம் என்று இருந்தாலும் 48 மணி பொறுங்கள், ஒவ்வாமை தாமதமாகவும் கிளம்பும். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

சம அளவு கிரீமும் டெவலப்பரும் (சாயத்தை வேலை செய்ய வைக்கும் இரண்டாவது சாஷே) பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்க வேண்டும், உலோகம் ஆகாது. நெற்றியோரம் வாசலைன், கையில் உறை. நரை அடர்ந்த காதோரத்தில் ஆரம்பியுங்கள், அங்கேதான் சாயம் முரண்டு பிடிக்கும். தாளில் சொன்ன நேரத்துக்கு மேல் வைத்தால் கூடுதலாகக் கறுக்காது, தோல்தான் எரியும். மிச்சத்தை மூடி வைக்காமல் கொட்டிவிடுங்கள், வாயு சேர்ந்து டப்பா பிதுங்கும். புருவத்துக்குப் போடவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. அடுத்த முறை அந்த வேருக்கு மட்டும் தடவுங்கள், அரை பாக்கெட்டே போதும்.