கொள்ளுத்தாத்தா பெயர் பழைய சென்சஸில் கிடைக்குமா?

சொந்த ஊர் தாராபுரம் பக்கம், 1901, 1911 கணக்கெடுப்பில் கொள்ளுத்தாத்தா பெயரைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்து வீட்டுவாரிப் படிவங்களையே திறந்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. நம்மிடம் இருப்பவை தொகுப்பு அறிக்கைகள்தான். தாலுகா, ஜில்லா அளவில் எத்தனை பேர், என்ன தொழில், என்ன சாதி என்று தெரியும், பெயர் இருக்காது. அதைத் தேடும்போதும் 'கோயமுத்தூர் ஜில்லா' என்றே தேடுங்கள். தாராபுரம் அப்போது அதில்தான் இருந்தது. ஈரோடு 1979இல், திருப்பூர் 2009இல்தான் தனி மாவட்டம்.

பெயர் வேண்டுமென்றால் நிலத்தைப் பிடியுங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று சிக்கினால் போதும். இன்னார் குமாரர் இன்னார் என்று அப்பன் பெயரோடு எழுதியிருக்கும். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, வடக்கே யார் காடு (விவசாய நிலம்) என்பதும் வரும். பக்கத்துக் காட்டுக்காரர் பெரும்பாலும் பங்காளிதான். சர்வே எண் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பின்னோக்கிப் போகலாம்.

அப்புறம், குலதெய்வக் கோயில். கூட்டத்துப் (குலத்துப்) பெரியவர்களிடம் கோயில் வரி கொடுத்தவர்கள் பெயர் எழுதிய பழைய நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள் பெயர் மட்டும் எதிலும் லேசில் அகப்படாது. அதற்கு வீட்டுப் பாட்டிமார்தான் கதி.